தூண் பிளந்த பிறகும் சிவப்பு அணையவில்லை: மூன்று க்யூ லிஸ்ட்டை எப்படிக் கையாள்வது?

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் இந்த வருடம் இரணியன் நாடகம். விளக்குகளை இயக்கும் கன்சோலில் மூன்று க்யூ லிஸ்ட் (ஒவ்வொரு வெளிச்ச மாற்றத்தையும் ஒரு க்யூவாகப் பதிந்த வரிசை) வைத்திருக்கிறேன். காட்சிகளுக்கு ஒன்று, தூண் பிளக்கும் இடத்துக்கு ஒன்று, சபை விளக்குக்கு ஒன்று. ஒத்திகையில், தூணுக்குப் போட்ட சிவப்பு அடுத்த காட்சியிலும் அப்படியே நின்றது. இன்னொரு நாள் முதல் லிஸ்ட்டில் அடுத்த க்யூவை ஓட்டும் 'கோ' பொத்தானை அழுத்தியதும் சிவப்பு பாதியிலேயே அணைந்துவிட்டது. பேசாமல் எல்லாவற்றையும் ஒரே லிஸ்ட்டில் போட்டுவிடலாமா?
- மன்னார்குடி வாசகர்

பதில்: வேண்டாம். நம் பக்கத்து நாடகம் ஒரே கோட்டில் ஓடாது. மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா இசை நாடகத்தில் பிரகலாத சரித்திரம் பார்த்தவர்களுக்குத் தெரியும், நரசிம்மர் வெளிப்படும் நொடி கடிகாரத்தின் கையில் இல்லை. வேடம் கட்டியவர் கையிலும் பாட்டிலும் இருக்கிறது. ஊர்த் திருவிழா என்றால் நடுவில் சிறப்பு விருந்தினர் வருவார், நாடகத்தை நிறுத்திப் பொன்னாடை போர்த்துவார்கள். இவற்றை ஒரே வரிசையில் அடுக்கினால் ஒன்று தள்ளிப்போனாலும் எல்லாம் குலையும். மூன்று லிஸ்ட் என்ற யோசனை சரி. பதிவு செய்த விதத்தில்தான் சிக்கல்.

இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றே. ஒரு விளக்கைக் கடைசியாக மாற்றிய லிஸ்ட் எதுவோ, அதன் பேச்சைத்தான் கன்சோல் கேட்கும். இதுதான் எல்டிபி, 'கடைசியாக வந்ததற்கே முதலிடம்'. வெளிச்ச அளவுக்கு மட்டும் ஹெச்டிபி ('அதிகமானதற்கே முதலிடம்') வைத்திருந்தால், எந்த லிஸ்ட் அதிகம் கேட்கிறதோ அதுவே ஜெயிக்கும். மற்றொன்று பூஜ்யம் சொன்னாலும் விளக்கு இறங்காது. ஒரே மதகை இரண்டு பேர் திருகினால் வாய்க்காலில் என்ன நடக்குமோ அதுதான் உங்கள் மேடையிலும் நடந்திருக்கிறது.

முதல் லிஸ்ட்டைப் பதிவு செய்தபோது தூண் விளக்குகளும் 'பூஜ்யம்' என்று சேர்ந்தே பதிவாகியிருக்கும். அதனால்தான் கோ அழுத்தியதும் சிவப்பு அணைந்தது. அந்த விளக்குகளை முதல் லிஸ்ட்டின் எல்லா க்யூவிலிருந்தும் நீக்குங்கள். பூஜ்யமாக மாற்றினால் போதாது, முழுவதும் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது லிஸ்ட்டில் தூண் விளக்குகளைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஈடிசி ஈயாஸ் கன்சோலில் இதற்கு, நீங்கள் கையால் மாற்றியதை மட்டும் பதியும் 'ரெக்கார்ட் ஒன்லி' இருக்கிறது. அவோலைட்ஸ் டைட்டனில் 'ரெக்கார்ட் பை சேனல்' முறையைத் தேர்ந்தெடுங்கள்; 'ரெக்கார்ட் ஸ்டேஜ்' மேடையில் எரிவதை மொத்தமாக அள்ளிக்கொள்ளும்.

சிவப்பு அணையாமல் நின்றதற்குக் காரணம், அதை யாரும் விடுவிக்கவில்லை. லிஸ்ட்டை ஓட்டத் தெரிந்த பலருக்கு அதை முடிக்கத் தெரிவதில்லை. ஒரு திருவிழாவில் எனக்கே இப்படி ஆனது. தூண் காட்சி முடிந்து பிரகலாதன் கைகூப்பி நிற்கிறான், முகம் முழுக்க ரத்தச் சிவப்பு. அந்தப் பையன் அவ்வளவு உருக்கமாக நடித்தும் அந்தக் காட்சி எடுபடவில்லை. இன்றுவரை அது மனதில் உறுத்துகிறது. இரண்டாவது லிஸ்ட்டின் கடைசி க்யூவில் சிவப்பை மூன்று விநாடியில் இறக்குங்கள், அப்புறம் லிஸ்ட்டை ரிலீஸ் செய்யுங்கள், அதாவது விளக்குகள் மேல் அதற்கு இருக்கும் பிடியை விடுவியுங்கள். ரிலீஸ் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது பூஜ்யமாக இருந்தால் வெளிச்சம் வெட்டென்று மாறும்.

தூண் வெடிக்கும்போது முன் விளக்குகளும் இருள வேண்டும் என்றால், அந்த இருட்டை முதல் லிஸ்ட்டிலேயே ஒரு க்யூவாகப் போடுங்கள். அந்த க்யூ ஓடும்போது இரண்டாவது லிஸ்ட்டும் தானாகக் கிளம்பும்படி இணைக்கலாம். ஆனால் அடுத்த க்யூவைத் தானாகக் கிளப்பும் ஃபாலோ நேரம் எதுவும் வைக்காதீர்கள். கண் நடிகர் மேல் இருக்கட்டும், விரல் கோ மேல் இருக்கட்டும்.

சபை விளக்கு லிஸ்ட்டுக்கு மட்டும் மற்ற இரண்டையும் விட உயர்ந்த முன்னுரிமை கொடுங்கள். பொன்னாடை நேரத்தில் அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றுங்கள், முடிந்ததும் இறக்கி ரிலீஸ் செய்யுங்கள். நாடகம் நின்ற இடத்தின் வெளிச்சம் திரும்பி வந்துவிடும்.

ஒத்திகையை ஒரு தடவையாவது நடுவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். முதல் லிஸ்ட்டில் இருபதாவது க்யூவுக்குத் தாவினால் மற்ற லிஸ்ட்டுகள் கூடவே தாவாது. எங்கே நின்றனவோ அங்கேயே நிற்கும். ஒவ்வொரு காட்சியின் முதல் க்யூவுக்கும், கன்சோலில் வசதி இருந்தால், 'அசர்ட்' கொடுத்துவிடுங்கள். அந்த லிஸ்ட் தன் விளக்குகளை மறுபடி தன் கைக்குக் கொண்டுவந்துவிடும்.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது கன்சோல் அணையாமல் இருக்க அதற்கென்று ஒரு யுபிஎஸ் அவசியம். பக்கத்தில் ஒரு தாளில் 1/14, 2/1 என்று எந்த லிஸ்ட் எந்த க்யூவில் நிற்கிறது என்பதைக் காட்சிக்குக் காட்சி எழுதிக்கொண்டே வாருங்கள்.