பொம்பெயிக்கு ஒரு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இத்தாலி போகத் திட்டமிடும் வாசகர்கள், கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிப்போட்ட பொம்பெயி நகரைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் சில.

ரோமில் மூன்று நாள் தங்குகிறோம். ‘ஒரே நாளில் பொம்பெயி, வெசுவியஸ், அமால்ஃபி கடற்கரை’ என்று ஒரு பஸ் டூர் இருக்கிறது. எடுக்கலாமா?
வாசகர், கோவை

வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோமிலிருந்து பொம்பெயி சுமார் 240 கி.மீ. வழியில் காபிக்கு நிறுத்துவதையும் சேர்த்தால் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்கு வாசலில் இறங்குவீர்கள். கழிப்பறை வரிசை, பாதுகாப்புச் சோதனை, ஆளுக்கொரு ஹெட்செட் மாட்டிவிடுவது என்று அரை மணி போய்விடும். பன்னிரண்டரைக்கெல்லாம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். மிஞ்சுவது இரண்டு மணி நேரம். தோண்டி எடுத்த பகுதி மட்டுமே 44 ஹெக்டேர், நூறு ஏக்கருக்கு மேல். இரண்டு மணி நேரத்தில் மன்றத்தையும் (ஊரின் பொதுச் சதுக்கம்) ஒரு குளியல் கூடத்தையும் இரண்டு வீடுகளையும் பார்த்துத் திரும்பலாம், அவ்வளவுதான்.

வெசுவியஸையும் சேர்த்தால் இன்னும் மோசம். பஸ் சுமார் 1,000 மீட்டர் உயரம் வரைதான் போகும். அதற்கு மேல் சரளைக்கல் ஏற்றத்தில் அரை மணி நடை. அங்கே நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்திருக்க வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் பள்ளமும் தெரியாது, கடலும் தெரியாது. அமால்ஃபியோ பஸ் ஜன்னல் வழியாகப் போய்விடும்.

எந்த டூராக இருந்தாலும் பணம் கட்டும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலிக்கு உள்ளே எத்தனை மணி நேரம்? நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா? கைடு முடித்த பிறகு நாங்களாகவே சுற்றலாமா? குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? உள்ளே மூன்று மணி நேரத்துக்குக் குறைவு என்றால் விட்டுவிடுங்கள். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்ற வாசகத்தையும் அப்படியே நம்பாதீர்கள். டிக்கெட் கவுன்டர் வரிசையைத்தான் தாண்டலாம். பாதுகாப்புச் சோதனை எல்லாருக்கும் உண்டு.

டூர் இல்லாமல் ரயிலில் நாங்களே போக முடியுமா? பொம்பெயியில் எந்த ஸ்டேஷனில் இறங்குவது?
வாசகி, சூரிச்

தாராளமாக. ரோமா டெர்மினி ஸ்டேஷனிலிருந்து நாப்போலி சென்ட்ராலே ஸ்டேஷனுக்கு அதிவேக ரயிலில் சுமார் 1 மணி 10 நிமிடம். (நேப்பிள்ஸ் என்று பலகையில் தேடாதீர்கள், நாப்போலி என்றுதான் இருக்கும்.) இந்த டிக்கெட்டை முன்னதாகவே எடுத்துவிட்டால் விலை குறைவு, கடைசி நேரத்தில் இரண்டு மடங்கும் ஆகலாம். நாப்போலியில் இறங்கியதும் கீழ்த்தளத்துக்குப் போங்கள். அங்கே கரிபால்தி என்ற ஸ்டேஷனில் சிர்கும்வெசுவியானா என்னும் உள்ளூர் ரயில் நிற்கும். சொர்ரென்தோ போகும் வண்டியில் ஏறி, ‘பொம்பெயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி’ ஸ்டேஷனில் இறங்குங்கள். 35 முதல் 40 நிமிடம். இறங்கினால் எதிரிலேயே போர்த்தா மரீனா வாசல்.

தவறு நடப்பது இங்கேதான். பொம்பெயி என்ற பெயர் கொண்ட ஸ்டேஷன் ஒன்றல்ல. இதே உள்ளூர் ரயிலில் பொஜ்ஜோமரீனோ போகும் இன்னொரு தடம் ‘பொம்பெயி சாந்துவாரியோ’வில் நிற்கும். அரசு ரயிலுக்குத் தனியாக ‘பொம்பெயி’ ஸ்டேஷன் உண்டு. இரண்டும் புதிய ஊருக்குள் இருப்பவை, பக்கத்து வாசல் அன்ஃபிதெயாத்ரோ. உங்கள் கைடு போர்த்தா மரீனாவில் நின்றுகொண்டிருந்தால், நீங்கள் வெயிலில் ஊரைச் சுற்றி நடந்து சேர்வதற்குள் குழு உள்ளே போயிருக்கும். ஆகவே முன்பதிவுச் சீட்டில் வாசலின் பெயரைப் பாருங்கள். ‘பொம்பெயி வாசல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வாசல் என்று கேளுங்கள்.

உள்ளூர் ரயிலில் இருக்கை முன்பதிவு இல்லை, கூட்டம் நெரியும், கோடையில் ஏசி இல்லாத பெட்டியும் வரும். ஜேப்படிக்குப் பெயர்போன தடம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் பெயர் கேட்கிறார்களே, ஏன்? பெட்டியோடு போகலாமா?
வாசகர், சென்னை

நவம்பர் 2024 முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சீட்டிலும் பார்வையாளர் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். இனிஷியலை முன்னால் போடுவதும் அப்பா பெயரை விட்டுவிடுவதும் வாசலில் சிக்கலாகும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் சீட்டு எடுக்க வேண்டும், வயதுச் சான்று கையில் இருக்க வேண்டும்.

சீட்டில் வகைகள் உண்டு. சாதாரணச் சீட்டு நகரத்துக்கு மட்டும். மதிலுக்கு வெளியே உள்ள ‘மர்மங்களின் மாளிகை’யைப் பார்க்க அதைவிடச் சில யூரோ கூடுதலான சீட்டு வேண்டும். சிவப்புப் பின்னணியில் ஆளுயர ஓவியங்கள் உள்ள அறை அங்கேதான் இருக்கிறது. நேரம் இருந்தால் அந்தக் கூடுதல் காசு வீண் போகாது. 30 × 30 × 15 செ.மீ. அளவுக்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் இலவசமாக வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு வாசலில் பையை வைத்துவிட்டு வேறு வாசலில் வெளியேறினால் திரும்ப நடக்க வேண்டியதுதான். வெளியே போய்விட்டு அதே சீட்டில் மறுபடி உள்ளே வர முடியாது.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 9 முதல் மாலை 7 மணி வரை. நவம்பர் முதல் மார்ச் வரை மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். கடைசி நுழைவு மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு.

அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், மூட்டுவலி உண்டு. அழைத்துப் போகலாமா?
வாசகி, திருச்சி

போகலாம், ஆனால் வாசலை மாற்றுங்கள். போர்த்தா மரீனாவில் நுழைந்ததுமே வழுக்கும் கல் ஏற்றம். அதைத் தாண்டினாலும் தெருக்கள் முழுக்க எரிமலைப் பாறைப் பாளங்கள். நடுவே வண்டிச் சக்கரம் தேய்த்த ஆழமான தடங்கள், தெருவைக் கடக்க முழங்கால் உயரத்துக்கு நட்ட தாண்டுகற்கள். அந்தக் காலத்தில் தெருவிலேயே கழிவுநீர் ஓடியதால் கால் நனையாமல் கடக்கப் போட்டவை அவை. வண்டிச் சக்கரம் இடைவெளியில் போகும். பார்க்க அழகு, மூட்டுவலிக்காரருக்குத் தண்டனை.

அன்ஃபிதெயாத்ரோ வாசலிலிருந்து ‘எல்லாருக்கும் பொம்பெயி’ என்ற பெயரில் சமன்செய்த பாதை ஒன்று மூன்றரை கிலோமீட்டர் அளவுக்குப் போகிறது. சக்கர நாற்காலியும் போகும். முழுதும் நடக்க வேண்டாம். அந்த வாசலை ஒட்டியே வட்ட அரங்கமும் மர நிழல் உள்ள உடற்பயிற்சி மைதானமும் இருக்கின்றன. தனியாக ஒரு கைடை அமர்த்தி, இந்தப் பாதையை விட்டு விலக வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இருபது பேர் குழுவோடு அம்மாவை அனுப்பாதீர்கள். குழு யாருக்காகவும் நிற்காது.

செருப்பு வேண்டாம், அடிப்பாகம் பிடிப்புள்ள ஷூ போடச் சொல்லுங்கள். மழை பெய்தால் அந்தக் கற்கள் சோப்புத் தேய்த்ததுபோல் ஆகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி வெயிலில் நிழலே கிடைக்காது. ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்லது.

கைடு அவசியமா? ஸ்டேஷன் வாசலிலேயே பலர் கூப்பிடுகிறார்களாம். அவர்கள் சொல்வதெல்லாம் உண்மையா?
வாசகர், மதுரை

முதல் தடவை போகிறவர்களுக்கு கைடு வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கைடு இல்லாவிட்டால் அரை மணியில் எல்லாச் சுவரும் ஒரே சுவராகத் தெரியும். பானைகள் பதித்த மேடையைக் காட்டி ‘இது சாப்பாட்டுக்கடை, இந்தப் பானைகளில் பண்டம் இருந்தது’ என்று ஒருவர் சொன்னால்தான் தெரு உயிர்பெறும்.

ஸ்டேஷன் வாசலில் ‘கடைசி டூர், இப்போதே கிளம்புகிறது’ என்று கூப்பிடுகிறவரிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள். பல சமயம் அவர் கைடே இல்லை, ஆள் சேர்ப்பவர். இருபது பேர் சேரும்வரை உங்களை நிறுத்தி வைப்பார். உரிமம் பெற்ற கைடு புகைப்பட அட்டை மாட்டியிருப்பார். காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஆறு பேர் குடும்பமாகப் போனால் தனிக் கைடுக்கான கட்டணத்தைப் பங்கிட்டுப் பாருங்கள், பஸ் டூரைவிட அதிகமாக வராது.

சொல்வதெல்லாம் உண்மையா என்று கேட்டீர்கள். கட்டடங்களைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். கதைகளில்தான் கவனம் வேண்டும். தெருக்கல்லில் செதுக்கிய ஆண்குறி விலைமாதர் விடுதிக்கு வழிகாட்டுகிறது என்பார்கள். ரோமர்களுக்கு அது கண்ணேறு கழிக்கும் சின்னம். கடை வாசலிலும் பேக்கரிச் சுவரிலும்கூட இருக்கும். ‘தங்க வளையல் வீடு’ என்னும் வீட்டில் கிடைத்த, இறந்தவர்களின் சாந்து வார்ப்புருவைத் ‘தாயும் மடியில் குழந்தையும்’ என்று உருக்கமாகச் சொல்வார்கள். 2024-இல் வெளிவந்த மரபணு ஆய்வின்படி அந்த வளையல்காரர் ஓர் ஆண், குழந்தைக்கு உறவும் இல்லை. எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்பது, அதை நேரில் கண்ட ரோமர் இளைய பிளினியின் கடிதப் பிரதிகள் வழி வந்த தேதி. 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17 என்று கரியால் எழுதியது கிடைத்த பிறகு, இலையுதிர் காலம் என்ற கருத்து வலுத்திருக்கிறது. ஆண்டு எழுதப்படாததால் விவாதம் முடியவில்லை.

இறந்தவர்களின் அந்த வார்ப்புருக்களைக் ‘கல்லான மனிதர்கள்’ என்று சொன்னால் அதுவும் தவறு. உடல்கள் மக்கிப்போனதும் இறுகிய சாம்பலுக்குள் அவற்றின் வடிவில் வெற்றிடம் நின்றது. 1863-இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்த வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி, இறுகியதும் சுற்றியுள்ள சாம்பலை நீக்கினார். பார்ப்பது சாந்து, உள்ளே எலும்பு உண்டு. நகரை ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்து, மனை எண், கதவு எண் கொடுத்ததும் அவர்தான். வரைபடத்தில் 6-12-2 என்று இருந்தால் ஆறாம் வட்டாரம், பன்னிரண்டாம் மனை, இரண்டாம் கதவு. ‘ஃபான் வீடு’ என்னும் பெரிய மாளிகையின் முகவரி அது. இந்த எண் பழகிவிட்டால் கைடு போன பிறகும் தொலையமாட்டீர்கள்.

உள்ளே மூன்று மணி நேரம்தான். எந்த வரிசையில் பார்ப்பது?
வாசகர், கொழும்பு

போர்த்தா மரீனாவில் நுழைந்து பசிலிக்கா (தேவாலயம் அல்ல, நீதிமன்றக் கூடம்), மன்றம், மன்றக் குளியல் கூடம். அங்கிருந்து வடக்கே ஃபான் வீடு, பிறகு 2023-இல் மறுபடி திறந்த வெத்தி வீடு. கூட்டம் சேர்வதற்குள் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள். அடுத்து தெற்கே இறங்கி ஸ்தாபியக் குளியல் கூடம், பெரிய நாடக அரங்கம், கடைசியாக அபொன்தான்சா தெரு வழியே கிழக்கே வட்ட அரங்கம். கி.மு. 70 வாக்கில் கட்டிய இந்த அரங்கத்தில் சுமார் 20,000 பேர் உட்காரலாம். கி.பி. 59-இல் இங்கே நடந்த அடிதடிக்காகப் பத்து ஆண்டு விளையாட்டுகளுக்குத் தடை விதித்தார்கள். பஸ் போர்த்தா மரீனாவில் நிற்கிறது என்றால் திரும்பும் நடைக்கு அரை மணி ஒதுக்குங்கள்.

வெத்தி வீட்டு வாசலிலும் விலைமாதர் விடுதியிலும் வெளிப்படையான ஓவியங்கள் உண்டு. குழந்தைகளோடு போனால் கைடிடம் முன்பே சொல்லுங்கள். எல்லா வீடுகளும் எல்லா நாளும் திறந்திருக்காது. அன்று எவை திறப்பு என்பதைக் காலையில் அதிகாரபூர்வ இணையதளத்தில் பாருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
வாசகி, கும்பகோணம்

கிடைக்கும். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும், பாலாடைக்கட்டிகூட இல்லை. பெயரைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம். பீன்ஸ் பாஸ்தாவில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். டூரோடு சேர்ந்த சாப்பாடு என்றால் பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று போதும், உள்ளே குடிநீர்க் குழாய்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

பொம்பெயியில் லட்சுமி சிலை கிடைத்ததாமே, எங்கே இருக்கிறது?
வாசகர், புதுச்சேரி

பொம்பெயியில் தேடாதீர்கள், நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1938-இல் தொல்லியலாளர் அமெதேயோ மையூரி அபொன்தான்சா தெரு வீடொன்றில் கண்டெடுத்த தந்தச் சிலை, சுமார் 24 செ.மீ. உயரம். முதலில் லட்சுமி என்றார்கள். இப்போது யட்சி என்போரே அதிகம். மகாராஷ்டிரத்தின் போக்கர்தனில் இதே பாணிச் சிற்பம் கிடைத்திருப்பதால் தக்காணத்து வேலை என்று கருதுகிறார்கள். சேர நாட்டு முசிறியிலிருந்து மிளகு ரோமுக்குப் போன அதே காலம்.

சிலையை ‘ரகசிய அறை’ என்னும் பாலியல் சிற்பப் பகுதியில் வைத்திருக்கிறார்கள். ஃபான் வீட்டுத் தரையில் இருந்த அலெக்சாந்தர் மொசைக்கும் இந்த அருங்காட்சியகத்துக்குத்தான் சொந்தம். வீட்டில் நீங்கள் காண்பது நகல். அமால்ஃபிக்குப் பதில் இதைச் சேர்த்தால் நாள் சரியாக நிறையும்: காலை 9 முதல் 1 வரை பொம்பெயி, 3 முதல் 5 வரை அருங்காட்சியகம், ஆறரை வாக்கில் ரோமுக்கு ரயில். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

கைக்குழந்தையோடு போகிறோம். பொம்பெயி சரிப்படுமா?
வாசகி, சிங்கப்பூர்

தள்ளுவண்டி அந்தக் கற்களில் உருளாது, குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பட்டை எடுத்துப் போங்கள். அதைவிட, பொம்பெயியை விட்டுவிட்டு, அதே வெடிப்பில் புதைந்த இன்னொரு ஊரான எர்கொலானோவுக்குப் (பழைய ஹெர்குலேனியம்) போகலாம். அதே ரயில் தடத்தில் நேப்பிள்ஸிலிருந்து சுமார் 20 நிமிடம், ‘எர்கொலானோ ஸ்காவி’ ஸ்டேஷன். ஊர் சிறியது, இரண்டரை மணி நேரத்தில் முடியும். எரிமலைச் சாம்பல் 20 மீட்டர் வரை மூடியதால் மாடிகளும், கரியாகிப்போன மரக்கதவுகளும் உத்தரங்களும்கூட மிஞ்சியிருக்கின்றன. பழைய கடற்கரைப் படகுக் கொட்டில்களில் சுமார் 300 எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நேரே இறக்கம். திரும்பும்போது அது ஏற்றம் என்பதை ரயில் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.