டிசம்பர் வந்தாலே எழும்ப மனமில்லை: இது சோம்பல்தானா?

கேள்வி: "ஒவ்வொரு வருடமும் நவம்பர் பிறந்ததும் எதிலும் மனம் ஒட்டுவதில்லை. நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. வீட்டில் சொன்னால் சோம்பல் என்கிறார்கள். வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

எனக்கு இருக்கிறது. கேள்வியில் அந்தச் 'சோம்பல்' என்ற சொல் இல்லாவிட்டால் வாசித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். அதைக் கண்ட பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நான்கு மணிக்கு இருட்டுகிறது என்றால் இங்கிலாந்தோ ஜெர்மனியோ கனடாவோ ஆக இருக்க வேண்டும். வந்து சில வருடங்கள்தான் ஆகியிருக்கும், இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிறவராக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இருப்பது நோர்வேயின் வடக்கே, துரொம்சோவில். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை இங்கே அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. நடுப்பகலில் சில மணித்தியாலங்கள் நீலமாக ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். சுற்றிலும் மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ ஜனவரி 21 வாக்கில் ஆகிவிடும். அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெளியே வந்து சூரியனைப் பார்ப்பார்கள், ஊரே இனிப்புப் பணிஸ் வாங்கிச் சாப்பிடும். நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வித்தியாசம். அந்த மண்ணில் வளர்ந்த உடம்பு இது.

ஒஸ்லோவில் இருக்கும் என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "நாங்கள் மின்சாரமே இல்லாமல் குப்பி விளக்கில் படித்த ஆட்கள், பிள்ளை. லைட் போட்ட வீட்டில் இருந்துகொண்டு உனக்கு என்ன இருட்டு?" பெரியப்பாமீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குப்பி விளக்கில் நானும் படித்திருக்கிறேன். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனபோது நான் சிறுபிள்ளை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு நூல் திரி. மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு விளக்கு. கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது இரவுதான் இருட்டு. விடிய ஆறு, ஆறரைக்கெல்லாம் முற்றம் முழுக்க வெயில் கொட்டிக் கிடக்கும். எங்கள் உடம்புக்குத் தேவையான வெளிச்சத்தை எந்தத் தடையாலும் நிறுத்த முடியவில்லை. இங்கே நிலைமை அப்படியே தலைகீழ். இரவில் வீடு முழுக்க பல்ப், காலையில் வெளிச்சமே இல்லை.

காலைதான் இதில் முக்கியம். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. மூளைக்குள் இருக்கும் கடிகாரம் அந்தச் செய்தியை வைத்துத்தான் எப்போது உறங்குவது, எப்போது எழும்புவது, உறக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனினை எப்போது சுரப்பது என்று தீர்மானிக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெயில் உள்ள நண்பகலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். மூட்டமான பகலில்கூடச் சில ஆயிரம் இருக்கும். நாம் நல்ல வெளிச்சம் என்று நினைக்கும் வீட்டு அறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது. பெரியப்பா சொன்ன 'லைட் போட்ட வீடு' அந்தக் கடிகாரத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட இருட்டுத்தான்.

பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் இந்த மனச்சோர்வை 1984இல் மருத்துவ உலகுக்கு முறைப்படி விவரித்தவர் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் இருந்த நோர்மன் ரோசென்தால். அவரும் நம்மைப் போல் வெயில் நாட்டிலிருந்து போனவர்தான். தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து நியூயோர்க் வந்த பிறகு, குளிர்காலத்தில் தன் உடம்பே தளர்வதைக் கவனித்தவர். அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை.

என் கதைக்கு வருகிறேன். வந்த முதல் குளிர்காலம் புதினமாகவே கழிந்தது. பனி, வானத்தில் ஆடும் பச்சை ஒளி, எல்லாவற்றையும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அடுத்த வருடம்தான் பிடித்துக்கொண்டது. நான் வேலை செய்வது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில். பகல் வேலை முடிந்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தால் குளிர் அங்கியைக் கழற்றாமலே சோபாவில் விழுந்து உறங்கிவிடுவேன். பத்து மணித்தியாலம் உறங்கினாலும் உறங்கிய மாதிரி இருக்காது. சோறு சமைக்க மனம் வராது, ஆனால் பாணில் வெண்ணெய் தடவி அதன்மேல் சீனியைத் தூவித் தூவிச் சாப்பிடுவேன். இனிப்புக்கும் மாவுக்கும் அப்படி ஒரு பறப்பு. இதுவும் இந்த நோயின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. வழக்கமான மனச்சோர்வில் பலருக்கு உறக்கமும் பசியும் குறையும். இதில் பெரும்பாலும் இரண்டும் கூடும். அதனால்தான் பார்க்கிறவர்களுக்குச் சோம்பலாகத் தெரிகிறது. அம்மா வீடியோவில் அழைத்தால் கமராவை முகட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் கதைப்பேன். "முகத்தைக் காட்டு பிள்ளை" என்பார். நெட்வேர்க் சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

என்னைக் கவனித்தது இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டி. கடற்றொழில் செய்த குடும்பம், தொண்ணூறு வயதுக்கு மேல். பதினொரு மணியானால் எந்த வேலை நடந்தாலும் தன்னை வெளியே கொண்டுபோகச் சொல்வார். கம்பளி போர்த்திச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனால், கடலைப் பார்த்தபடி அந்த நீல வெளிச்சத்தில் அரை மணித்தியாலம் இருப்பார். ஒருநாள் என் கையைப் பிடித்து, "இதை நான் எனக்காக மட்டும் கேட்கவில்லை. நீயும் வெளிறிப் போய்த் திரிகிறாய். வைத்தியரிடம் போ" என்றார். சொந்தக்காரர் யாரும் சொல்லாததை அவர்தான் சொன்னார்.

குடும்ப வைத்தியர் முதலில் இரத்தம் எடுத்து தைரோயிட், இரும்புச்சத்து, விற்றமின் டி மூன்றையும் பார்த்தார். விற்றமின் டி குறைவாக இருந்தது. நம் தோல் நிறத்துக்கு வடக்கு நாடுகளில் அது சாதாரணம், நீங்களும் கட்டாயம் பாருங்கள். இங்குள்ளவர்கள் செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை தினமும் ஒரு கரண்டி கொட் மீன் ஈரல் எண்ணெய் குடிப்பார்கள், நானும் குடிக்கிறேன். ஆனால் அது எலும்புக்கு. என் மனத்தை அது தூக்கி நிறுத்தவில்லை, இந்தச் சோர்வை விற்றமின் டி தீர்க்கும் என்று ஆய்வுகளும் உறுதியாகச் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் மாத்திரை விற்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

எனக்கு உதவியது வெளிச்ச விளக்கு. 10,000 லக்ஸ், காலையில் எழும்பிய உடனே, அரை மணித்தியாலம். குசினி மேசையில் கையெட்டும் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டாக வைத்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பேன், செய்தி வாசிப்பேன். விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது, கண் திறந்திருந்தால் போதும். மாலையில் போட்டால் உறக்கம் கெடும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் 10,000 என்று பெட்டியில் போட்டிருக்கும். மலிவான சின்ன விளக்குகளில் முகத்தை ஒட்டி வைத்தால்தான் அந்த அளவு கிடைக்கும். ஒரு வாரத்துக்குள் எனக்கு மாற்றம் தெரிந்தது. சோபாவில் விழுவது நின்றது. சோறு வைத்தேன்.

நான் வைத்தியர் இல்லை, விளக்கு விற்கிறவளும் இல்லை. விளக்கை எழுதிக் கொடுப்பதற்கு முன் என் வைத்தியர் இரண்டு கேள்விகள் கேட்டார். எப்போதாவது உறக்கமே வேண்டாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்ததுண்டா? கண்ணில், விழித்திரையில் ஏதாவது நோய் உண்டா? சோர்வும் அளவுக்கு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களை இந்த வெளிச்சம் அந்த உற்சாகப் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம். அதனால் கேட்காமல் வாங்காதீர்கள். விளக்கு ஒத்துவராதவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் நடத்திய ஆய்வில், முதல் குளிர்காலத்தில் வெளிச்ச விளக்கும் பேச்சுச் சிகிச்சையும் சமமாக உதவின. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குத்தான் நோய் குறைவாகத் திரும்பியிருந்தது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'துரொம்சோ மக்களைப் பாருங்கள், இருட்டை ரசிக்கிறார்கள், எல்லாம் மனப்பான்மைதான்' என்று எழுதுகிறவர்கள். அதற்கு அடிப்படையான ஆய்வை நானும் அறிவேன். அமெரிக்க உளவியலாளர் காரி லைபோவிட்ஸ் 2014 - 15இல் இங்கேயே தங்கிச் செய்தது. வடக்கே போகப் போக மக்கள் குளிர்காலத்தை நல்லவிதமாகப் பார்க்கிறார்கள் என்று கண்டார். உண்மைதான். யன்னலுக்கு யன்னல் விளக்கு வைப்பார்கள், தலையில் லைட் கட்டிக்கொண்டு பனிச்சறுக்குப் போவார்கள். ஆனால் அவர்களுக்குச் சிறுவயதிலிருந்து பழகிய மலை, பழகிய நண்பர், வார இறுதிக்கு ஒரு மரவீடு இருக்கிறது. இரண்டு வேலை பார்த்து நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறவரிடம் போய் 'மனப்பான்மையை மாற்று' என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தால் தாண்டிவிடுங்கள். என் வேலைத்தலத்தில் வருடம் தவறாமல் டிசம்பர் 24 இரவு வேலை என் பெயரில்தான் விழுந்தது. அட்டவணை போடுகிறவர் புன்னகையோடு, "உங்களுக்கு நத்தார் இல்லைதானே" என்றார். நான் பாசையூர்க்காரி. அந்தோனியார் கோவில் மணி கேட்டு வளர்ந்தவள். இந்த ஊரில் 1861இல் கட்டிய மரத்தாலான கத்தோலிக்கக் கோவிலில் நத்தார் திருப்பலிக்கு வருகிறவர்களில் தமிழ்ச் சனமும் உண்டு. கறுத்த முகத்தைப் பார்த்தவுடன் உனக்குப் பண்டிகை இல்லை, குடும்பம் இல்லை, ஓய்வு வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இப்போது செப்டெம்பரிலேயே எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். அந்த ஒரு இரவு கோவிலில் பாட்டுப் படிப்பது விளக்கைப் போலவே எனக்கு மருந்து.

செப்டெம்பர் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். மனம் விழுந்த பிறகு எதையும் தொடங்க முடியாது. விளக்கைத் தேடி வாங்கவோ வைத்தியருக்குப் போன் எடுக்கவோ அப்போது தெம்பு இருக்காது. இலை பழுக்கும்போதே வைத்தியரிடம் நாள் எடுங்கள், விளக்கை எடுத்து மேசையில் வையுங்கள். மதிய இடைவேளையில் வெளியே நடக்க உடன் வரும் ஒருவரை இப்போதே பிடித்து வையுங்கள். தனியாக என்றால் போகமாட்டீர்கள்.

விளக்கு வாங்க வெட்கமாக இருந்தால் ரியூக்கான் என்ற ஊரை நினையுங்கள். தெற்கு நோர்வேயில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, குளிர்காலத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் வெயில் விழாது. 1928இல் அங்கே சனங்கள் மேலே போய் வெயில் காய்வதற்கென்றே கேபிள் கார் அமைத்தார்கள். 2013இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, சூரியனைப் பிடித்து ஊர்ச் சதுக்கத்தில் விழ வைத்தார்கள். ஓர் ஊரே வெளிச்சத்துக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறது.

சாக வேண்டும் போன்ற எண்ணம் வந்தால் விளக்கையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். நோர்வே, பிரித்தானியா, ஜெர்மனி மூன்றிலும் 116 123 என்ற எண்ணில் பேச ஆள் இருக்கிறது. கனடாவில் 988.

எந்த நகரம், எத்தனை மணிக்கு வேலைக்குப் புறப்படுகிறீர்கள், அறையின் யன்னல் எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள். எந்த நேரத்தில் வெளிச்சம் எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.