உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது கேமரா இல்லை

அம்மா, நேற்று மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்தபோது நீங்கள் கலங்கியது புரிகிறது. பள்ளிப் படிப்பை முடிக்கிற பெண் 'போர்ப் படங்களைப் பற்றித்தான் படிப்பேன்' என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு பிசையும். ஆனால் அவள் பெரியப்பா சொல்கிறார் என்று மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக அவளை இன்னொரு வருடம் உட்கார வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உயிரியலை அவள் கடமைக்குத்தான் படிக்கிறாள்.

அவள் நோட்டைப் பார்த்தீர்களா? 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் ட்ராங் பாங்கில் எடுத்த படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். உடலில் ஒட்டி எரியும் நேபாம் தீக்குண்டில் உடல் வெந்து, உடையில்லாமல் ஓடிவரும் ஒன்பது வயது கிம் ஃபுக். நாமெல்லாம் அந்தக் குழந்தையோடு நின்றுவிடுவோம். இவள் படத்தின் வலது ஓரத்தில் நிற்கும் ஒருவரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு எழுதியிருக்கிறாள்: "இவர் கேமராவில் ஃபிலிம் மாற்றுகிறார். பத்திரிகையில் வந்த படத்தில் இவரைக் காணோம். வெட்டியது யார்?"

இது ஃபோட்டோ எடிட்டர், அதாவது எந்தப் படம் எப்படி வெளியே போகவேண்டும் என்று முடிவு செய்கிறவர், கேட்கிற கேள்வி அம்மா. அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. உடை இல்லாத குழந்தை என்பதால் அந்தப் படத்தை அனுப்பக்கூடாது என்று அன்றைய தெற்கு வியட்நாம் தலைநகரான சைகோனில் இருந்த ஏபி செய்தி நிறுவனத்தின் அலுவலகத்தில் முதலில் ஒதுக்கினார்கள். அனுப்பியே ஆகவேண்டும் என்று நின்றவர் அங்கே படப் பொறுப்பில் இருந்த ஹார்ஸ்ட் ஃபாஸ். அவர் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் அந்தக் குழந்தையின் அலறல் சைகோனைத் தாண்டியிருக்காது.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதும் இவர்கள் பொறுப்புதான். 1968 பிப்ரவரி 1 அன்று சைகோன் தெருவில் ஒரு கைதியின் தலையில் தெற்கு வியட்நாம் காவல் தலைவர் சுட்ட நொடியை ஏபி புகைப்படக்காரர் எடி ஆடம்ஸ் எடுத்தார். போருக்கு எதிரான மனநிலையை அது அமெரிக்காவில் கூர்மையாக்கியது. ஆனால் சுடப்பட்டவர் தெற்கு வியட்நாம் அரசை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் படையைச் சேர்ந்தவர் என்பது பார்த்தவர்களில் பலர் மனதில் பதியவில்லை. அந்தப் படம் பாதி உண்மைதான் என்று பிற்காலத்தில் ஆடம்ஸே வருந்தினார். மீதிப் பாதியைச் சொல்ல ஆள் வேண்டும்.

இன்று இந்த வேலையில் சரிபார்ப்பும் சேர்ந்துவிட்டது. நிழல் விழும் திசையை வைத்து நேரம் கணிப்பது, பெயர்ப்பலகையையும் கட்டட வடிவத்தையும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுவது, முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குவது, பழைய போர்ப் படம் புதிதுபோல் சுற்றுகிறதா என்று தேடுவது. 2006 லெபனான் போரில் பெய்ரூட் மேல் எழுந்த புகையை கணினியில் அடர்த்தியாக்கிய ஒரு படம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வழியாக வெளியே போய்விட்டது. கண்டுபிடித்தது வெளியே இருந்தவர்கள். அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் நிறுவனம் நீக்கியது. உள்ளேயே ஒரு கூர்மையான கண் இருந்திருக்க வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? வரலாறு அல்லது அரசியல் அறிவியல், கட்டணம் குறைவான கல்லூரி போதும். கூடவே போர் நடக்கும் நாடுகளில் பேசும் ஒரு மொழி, அரபு மாதிரி. அப்புறம் ஒரு செய்தி நிறுவனத்தின் படப் பிரிவிலோ ஆவணக் காப்பகத்திலோ பயிற்சி. கடன் வாங்கி ஆடம்பரமான புகைப்படக் கல்லூரியில் சேர்க்காதீர்கள். விலை உயர்ந்த கேமராவும் வேண்டாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன். போர்க்களத்துக்குப் போவாளோ என்ற பயம் இருக்கட்டும், ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி மேசையில்தான். ஒன்று மட்டும் உண்டு: நாள் முழுக்கக் கொடூரமான படங்களைப் பார்ப்பது மனதை அரிக்கும். அதை அவளிடம் நானே பேசுகிறேன்.

அடுத்த முறை மதிப்பெண் பட்டியல் வேண்டாம், அந்த நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள்.