ஜெரண்டா, பார்ட்டிசிபிளா? சிஜிஎல் தேர்வுக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்

பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தே மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு, ஆங்கிலத்தில் ‘ஐஎன்ஜி’ சேர்ந்து வரும் ஜெரண்டும் பார்ட்டிசிபிளும் பிடிபடவில்லை, இதற்காகவே ஒரு கிராமர் கோச்சிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. வேண்டாம். முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழியும். அங்கே வாக்கியத்தில் பிழை எங்கே என்றுதான் கேட்பார்களே தவிர, அது ஜெரண்டா பார்ட்டிசிபிளா என்று பெயர் சொல்லச் சொல்வதில்லை. 2002-ல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டன், புல்லம் என்ற மொழியியலாளர்கள் இந்த இரண்டையும் ‘ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்’ என்று ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள். அதற்காகத் தேர்வில் வாதாட முடியாது, அது வேறு விஷயம்.

பள்ளியில் படித்த தொழிற்பெயரும் எச்சமும் மகளுக்கு நினைவிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘ஸ்விம்மிங் இஸ் எ குட் எக்சர்சைஸ்’ என்றால் நீந்துவது நல்ல உடற்பயிற்சி. தொழிற்பெயர் போல வருவதால் அது ஜெரண்ட். ‘த பாய் ஸ்விம்மிங் இன் த ரிவர்’ என்றால் ஆற்றில் நீந்துகிற பையன். எச்சம் போல வருவதால் அது பார்ட்டிசிபிள். இரண்டு சொல் சேர்ந்து வரும்போது மட்டும் இந்த வழி காலை வாரிவிடும். ‘ட்ரிங்கிங் வாட்டர்’ என்பதைக் குடிக்கிற தண்ணீர் என்றுதானே நாமும் சொல்கிறோம்! அங்கே, அந்தச் செயலைச் செய்வது யார் என்று கேட்டுப் பார்க்கட்டும். ‘ரன்னிங் வாட்டர்’ என்றால் தண்ணீரே ஓடுகிறது, பார்ட்டிசிபிள். ‘ட்ரிங்கிங் வாட்டர்’ எதையும் குடிப்பதில்லை. குடிப்பதற்கான தண்ணீர், ஆகவே ஜெரண்ட். ‘வெயிட்டிங் ரூம்’, ‘வாக்கிங் ஸ்டிக்’ எல்லாம் இதே கணக்குதான்.

மதிப்பெண் பறிபோவது வேறு இடத்தில். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதிய வேலை விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ‘மீட்டிங் யூ’ என்று இருக்க வேண்டும். ‘டு’வுக்குப் பின்னால் தீபாவளி என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு தீபாவளி’ பொருந்துகிறது, எனவே ஜெரண்ட் வரும். ‘வான்ட் டு தீபாவளி’ பொருந்தாது, அங்கே ‘மீட்’தான். ‘ஐ ஆம் யூஸ்ட் டு’, ‘வித் எ வியூ டு’ இரண்டுக்கும் இது செல்லும்.

இதைவிட வழுக்கும் இடம் பார்ட்டிசிபிளில் தொடங்கும் வாக்கியம். ‘ஹேவிங் கம்ப்ளீட்டட் பி.காம்., மை எய்ம் இஸ் டு பிகம் அன் ஆடிட்டர்.’ பி.காம். முடித்தது மகளா, அவருடைய லட்சியமா? ‘ஐ எய்ம் டு’ என்று மாற்றினால் சரியாகிவிடும். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பிழை கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். ஆங்கிலத்தில் அப்படி விட்டால் பிழை. ‘பீயிங் எ ரெய்னி டே, வி ஸ்டேட் அட் ஹோம்’ என்பதும் அதே ரகம். முன்னால் ‘இட்’ சேர்க்க வேண்டும்.

முந்தைய ஆண்டு வினாத்தாள்களிலிருந்து ‘ஐஎன்ஜி’ வரும் பிழை வாக்கியங்களை மட்டும் தனி நோட்டில் எழுதி, எது ஏன் தவறு என்று பக்கத்தில் ஒரு வரி தமிழில் குறிக்கட்டும். கோச்சிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை மாக் டெஸ்ட் என்ற மாதிரித் தேர்வுக்குக் கட்டுங்கள். இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலம் 45 கேள்விகள், 135 மதிப்பெண் என்று கூடுகிறது.