கல்லூரியில் நட்சத்திரமாக இருந்துவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாவிட்டால் திறமை வீண்தானே?

"வீண்" என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் தம்பியோ மகனோ ஆட்டத்தை விட்டு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லியிருப்பான் என நினைக்கிறேன்.

ஜே பெர்வாங்கர் என்று ஒருவர். அயோவா மாநிலம் டுபியூக் ஊர்க்காரர், சிகாகோ பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், ஆடியவர். கல்லூரி வீரர்களுக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலில் வாங்கியவர் இவர்தான், அப்போது அதற்கு அந்தப் பெயரே வைக்கவில்லை. 1936இல் அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டை முதல்முறையாக நடத்தியபோதும் முதல் ஆளாக இவரைத்தான் எடுத்தார்கள். எடுத்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி, அவரை ஒப்பந்தம் செய்யும் உரிமையை சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது, அங்கே அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸோடு சம்பளப் பேச்சு படியவில்லை. ரப்பர் விற்கும் வேலைக்குப் போனார், அப்புறம் கார் பாகங்கள் செய்யும் சொந்தத் தொழில். என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் 1934இல் அவரைப் பிடிக்கப் பாய்ந்த மிச்சிகன் வீரர் ஜெரால்ட் ஃபோர்டுக்கு இடது கண்ணுக்குக் கீழே பட்ட காயத்தின் தழும்பு, ஃபோர்டு அமெரிக்க அதிபரான பிறகும் மறையவில்லை. இந்த மனிதரை வீண் என்பீர்களா?

அது வேற ஆட்டம், நீ ஆடியது உதைபந்து என்று சிலர் வருவீர்கள். தெரியும். அவரோடு என்னை ஒப்பிடவும் இல்லை. நான் பல்கலைக்கழக அணியில் லெஃப்ட் விங், அதாவது இடது ஓரத்தில் ஆடுகிறவன், அவ்வளவுதான். கடைசி வருடம் ஒரு கிளப்பில் கூப்பிட்டார்கள். மாதச் சம்பளம் கிடையாது, ஆட்டத்துக்கு ஆட்டம் பேட்டாவும் பஸ் காசும். அந்த வருடம்தான் அப்பா ஓய்வு பெற்றார், தங்கை பிளஸ் டூ. லாரி ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது, போய்விட்டேன். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பார்த்தால் சித்தப்பா, "அந்தக் காலை வச்சுக்கிட்டு கணக்கெழுதப் போயிட்டியேடா" என்று நாலு பேர் முன்னால் சொல்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டது அந்தச் சம்பளம்தான், அவர் இல்லை.

விளையாட்டை மதிக்கவில்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் மைதானத்துக்குப் போகிறேன், பையன்களுக்கு கிராஸ் போட, அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அடித்துக் கொடுக்க, சொல்லித் தருகிறேன்.

எனக்குக் கோபமெல்லாம் வேறு இடத்தில். கணக்கு வேலையில் இருந்துகொண்டே விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் பார்த்தேன். கல்லூரியில் கொடுத்த சான்றிதழில் 1997 என்பதை 1979 என்று அடித்திருந்தார்கள். நான் பிறந்ததே 1976. திருத்தித் தரச் சொல்லி நாலு மாதம் அலைந்தேன், இன்றைக்கு வா, திங்கள்கிழமை வா, கையெழுத்துப் போடுகிறவர் லீவு என்றே ஓட்டினார்கள். கடைசித் தேதியும் போய்விட்டது. அந்தச் சான்றிதழ் இன்னும் அப்படியே பீரோவில் இருக்கிறது.