மேலாளர் சொல்வது தவறு என்று தெரிந்தால் எப்படிச் சொல்வது?

கேள்வி: மென்பொருள் குழு ஒன்றில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மேலாளர் கெட்டவர் கிடையாது. ஆனால் வாடிக்கையாளருக்குப் போகும் வாராந்திர ரிப்போர்ட்டில், பாதி நடந்த சோதனைகளையும் ‘முடிந்தது’ என்று போடச் சொல்கிறார். “அடுத்த வாரம் எப்படியும் முடிச்சிடுவோம், இப்போதைக்குப் பச்சை காட்டுங்க” என்பார். ஒருமுறை மீட்டிங்கில் “இது சரியா சார்?” என்று கேட்டேன். “சரிதான், போடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் தலைமைப் பொறுப்பில் இல்லை, அதற்கு ஆசையும் இல்லை. சொன்னதைச் செய்துவிட்டுப் போவதுதான் என் வேலையா? எதிர்த்துப் பேசினால் முட்டுக்கட்டை போடுகிறவன் என்று பெயர் வந்துவிடாதா?

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்த “இது சரியா சார்?” தான். எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் காதில் அது ஒரு சந்தேகமாகத்தான் விழுந்திருக்கிறது. சந்தேகத்தைத் தீர்த்துவைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

இந்த மாதிரி அரைகுறைக் கேள்வி என்ன செய்யும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு பயங்கரமான உதாரணம் உண்டு. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவு. விமான நிலையத்தில் கடும் பனிமூட்டம். கேஎல்எம் என்ற நெதர்லாந்து நிறுவன விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்திலேயே பெரிய ஆள், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். புறப்பட அனுமதி வராத நிலையிலேயே விமானத்தை ஓடுபாதையில் ஓட்டத் தொடங்கினார். வானொலியில் ஓடிய உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த விமானப் பொறியாளருக்கு, எதிரே பான் அமெரிக்கன் விமானம் இன்னும் ஓடுபாதையில் நிற்கிறதோ என்று உறுத்தியது. “அவர்கள் இன்னும் விலகவில்லையா?” என்று கேட்டார். “விலகிவிட்டார்கள்” என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

அந்தப் பொறியாளருக்கு விஷயம் தெரியாமல் இல்லை, அக்கறையும் இருந்தது. ஆனால் அவர் சொல்ல வந்தது கேள்வி வடிவத்தில் வந்ததால், ஒரே வார்த்தையில் அதை மூடிவிட முடிந்தது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு விமானத் துறை பயிற்சி முறையையே மாற்றிக்கொண்டது. கேப்டனுக்குக் காதுகொடுத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதே அளவுக்கு, கீழே இருப்பவருக்குத் தெளிவாகச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். பேரைச் சொல்லி அழைப்பது, பார்த்ததைச் சொல்வது, அதனால் என்ன ஆகும் என்பதைச் சொல்வது, மாற்று வழியை வைப்பது, கடைசியில் சம்மதம் கேட்பது என்று அதற்கு ஒரு வரிசையே இருக்கிறது.

அலுவலகத்திலும் இதே வரிசை அப்படியே பொருந்தும். இருபது சோதனைகளில் பன்னிரண்டு முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் போவதற்கு முந்தைய நாள், தனியாகப் பார்த்துப் பேசுங்கள்: “சார், நாளைய ரிப்போர்ட் பற்றி இரண்டு நிமிஷம் பேசணும். எட்டு சோதனை இன்னும் ஓடலை. முடிந்தது என்று போட்டால் வாடிக்கையாளர் தரப்பில் அதை நம்பி வெளியீட்டுத் தேதி குறிச்சிடுவாங்க. அதில் ஒண்ணு தோற்றாலும் பதில் சொல்லப்போறது நீங்கதான். ‘பன்னிரண்டு முடிந்தது, மீதி புதன்கிழமைக்குள்’ என்று போடலாம். அந்த எட்டையும் நான் பார்த்துக்கறேன். இப்படியே அனுப்பட்டுமா?”

“தப்பு”, “நேர்மை” மாதிரியான வார்த்தை எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய குணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால் விஷயம் அவருடைய மானப் பிரச்சினையாகிவிடும், பிறகு நீங்கள் சொல்வது எவ்வளவு சரியாக இருந்தாலும் எடுபடாது.

முட்டுக்கட்டை என்ற பெயர் வருமா என்று கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் நொட்டை சொல்கிறவருக்கு நிச்சயம் வரும். 1988இல் ராபர்ட் கெல்லி என்ற நிர்வாகவியல் பேராசிரியர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில், தலைவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களை இரண்டு கேள்விகளால் பிரித்துப் பார்த்தார். சொந்தமாக யோசிக்கிறாரா? வேலையில் முனைப்பாக இறங்குகிறாரா? முனைப்பு உண்டு, யோசனை இல்லை என்றால் ‘ஆமாம் சாமி’. யோசனை உண்டு, முனைப்பு இல்லை என்றால் கேன்டீனில் உட்கார்ந்து நிர்வாகத்தைக் கிழிக்கிற ஆள். என் அனுபவத்தில், மீட்டிங்கில் வாய் திறக்காத இந்த இரண்டாமவரால்தான் குழுவுக்கு அதிகச் சேதம், ஆமாம் சாமியால்கூட அவ்வளவு இல்லை. யோசனையும் முனைப்பும் சேர்ந்தவர் மறுப்பு சொன்னால் மேலாளர் நிமிர்ந்து உட்காருவார். மற்ற நாட்களில் இவர் கேட்காமலே தோள் கொடுப்பவர் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று. உங்களுக்குப் பிடிக்காத முடிவும் முறையற்ற செயலும் ஒன்றாகாது. எந்த வேலையை முதலில் எடுப்பது, எந்தக் கருவியைப் பயன்படுத்துவது என்பதிலெல்லாம் உங்கள் கருத்தை ஒருமுறை நன்றாகச் சொல்லுங்கள். முடிவு வேறாக வந்தால் முழுமனதோடு அதைச் செய்யுங்கள். “நான் அப்பவே சொன்னேன்” என்று காத்திருப்பது அழகில்லை. நடக்காத சோதனையை நடந்ததாக எழுதுவது அந்தக் கணக்கில் வராது. அதை நம்பி முடிவெடுக்கப்போகிற ஒருவர் வெளியே இருக்கிறார். அங்கே “அவர் சொன்னார், நான் செய்தேன்” என்பது பதிலாகாது. தலைமைப் பதவி வேண்டாம் என்பது உங்கள் விருப்பம், ஆனால் உங்கள் கையால் எழுதும் வரிக்குப் பதவி இல்லாமலே நீங்கள் பொறுப்பு.

தெளிவாகச் சொல்லியும் அவர் மறுத்தால்? உங்கள் பகுதியின் உண்மை நிலவரத்தை அவருக்கு மட்டும் இரண்டு வரி மின்னஞ்சலில் அனுப்புங்கள்: பன்னிரண்டு முடிந்தது, எட்டு பாக்கி. குற்றச்சாட்டு வேண்டாம், அவருடைய மேலதிகாரிக்கு நகலும் வேண்டாம். பொய்யான வரியை மட்டும் நீங்கள் நிரப்பாதீர்கள். அதற்குப் பிறகும் இது வழக்கமாகவே தொடர்ந்தால் மேலே போகத்தான் வேண்டும். போவதற்கு முன் “இதை நான் மேலே கேட்கப்போகிறேன் சார்” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொடுத்தார் என்ற பேச்சு அதோடு அடங்கும். நீங்கள் பேசினால் பழிவாங்குவார் என்று சந்தேகம் இருந்தால் இந்த மரியாதையெல்லாம் தேவையில்லை. நிறுவனத்தில் ரகசியப் புகார் வழி இருந்தால் நேராக அதைப் பயன்படுத்துங்கள். ஆதாரத்துக்காக அலுவலகக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்க மட்டும் வேண்டாம். பிறகு விசாரணை உங்கள் மேல் திரும்பிவிடும்.

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. கெட்டவர் கிடையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேலிருந்து வரும் நெருக்கடியில் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். இன்னொரு வழியை வார்த்தைகளோடு தயாராக வைத்தால் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒத்துக்கொண்டால், “நான்தான் மாற்றினேன்” என்று பக்கத்து சீட்டில் சொல்லிக்கொள்ளாதீர்கள். புதன்கிழமை என்று சொன்ன எட்டையும் செவ்வாய்க்கிழமையே முடித்துக் கொடுத்துவிடுங்கள்.