விட்டதைப் பிடிக்க ஓட வேண்டாம், தம்பி

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் ‘வீணாப்போச்சு’ என்ற சொல் ஏழு தடவை வருகிறது. எண்ணிப் பார்த்தேன், தொழில் புத்தி. மூன்று வருடம் ஒரே தேர்வுக்குப் படித்து, மூன்றாவது முறையும் பட்டியலில் பெயர் வராமல், வயது 25 ஆகி, கூடப் படித்தவர்கள் வேலை, பதவி உயர்வு என்று போய்க்கொண்டிருக்க நீங்கள் மட்டும் அதே மேசை முன்னால் உட்கார்ந்திருந்தால் வலிக்கத்தான் செய்யும். அதை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை.

என்னைப் பயமுறுத்தியது உங்கள் கடைசி வரிதான். இன்னும் இரண்டு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன், இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது பெரிய படிப்பு ஒன்றில் சேர்ந்து போன மூன்று வருடத்துக்கும் சேர்த்துச் சம்பாதித்துவிடுவேன் என்கிறீர்கள். சீட்டாட்டத்தில் தோற்றவன் எழுந்திருக்காமல் இருப்பது இப்படித்தான். விட்டதைப் பிடிக்கப்போய் கையில் இருப்பதையும் விடுவான்.

உங்களுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை இது. 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். 100 டாலர் கொடுத்து ஒரு பனிச்சறுக்குப் பயணத்துக்கும், 50 டாலர் கொடுத்து இன்னொன்றுக்கும் சீட்டு வாங்கிவிட்டீர்கள், ஐம்பது டாலர் பயணம்தான் அதிக சந்தோஷம் தரும் என்று உங்களுக்கே தெரிகிறது, இரண்டும் ஒரே வார இறுதியில் வந்து மாட்டிக்கொண்டன, பணமும் திரும்பாது. எதற்குப் போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள் 100 டாலர் பயணத்தைத்தான் சொன்னார்கள். எதற்குப் போனாலும் 150 டாலர் போனது போனதுதான், ஆனாலும் அதிகம் கொடுத்ததை விட மனசு வரவில்லை. உங்கள் ‘இன்னும் இரண்டு வருடம்’ இந்த இடத்திலிருந்துதான் வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் நடக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் படக்காட்சிகளை வைத்துச் செய்த ஆய்வில், வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் முகத்தில் மகிழ்ச்சி அதிகம் தெரிந்தது. வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரரோ வெறுங்கையோடு போகாமல் தப்பித்தோம் என்று நினைக்கிறார் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். நீங்களும் மூன்று வருடம் முன்பே வேலைக்குப் போயிருக்கக்கூடிய ஒருவனோடு உங்களை ஒப்பிடுகிறீர்கள். அந்தக் கற்பனை ஆளுக்கு மேலதிகாரி தொல்லை கிடையாது, ஆட்குறைப்பு கிடையாது, ‘அந்தத் தேர்வை ஒரு தடவை எழுதிப் பார்த்திருக்கலாமே’ என்ற புலம்பலும் கிடையாது. அவனோடு போட்டி போட்டு யாராலும் ஜெயிக்க முடியாது.

சரி, வருத்தத்தை என்ன செய்வது? முதலில் அதைக் குறிப்பாகச் சொல்லப் பழகுங்கள். ‘மூன்று வருடம் வீண்’ என்பது வெறும் பெருமூச்சு. ‘இரண்டாவது முயற்சிக்கு அப்புறம் எந்தத் தாளில் மதிப்பெண் குறைந்தது என்று நான் பார்க்கவே இல்லை’ என்பதை வைத்துத்தான் ஏதாவது செய்ய முடியும்.

உங்களைப் போலவே நாலு வருடம் படித்துவிட்டு ஒரு பெண் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஒரு தாளைக் கொடுத்து, போன வருடத்தில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவுவரை என்ன செய்தாய், எழுது என்றேன். காலை நடப்பு நிகழ்வுகள், மதியம் தூக்கம், சாயங்காலம் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, இரவு பூராவும் போன். இன்னொரு நாளை எழுதச் சொன்னேன், அதிலும் கணக்கு வந்தது. மூன்றாவது நாளிலும். “இதெல்லாம் ஒரு வேலையா சார், சும்மா சொல்லிக்கொடுத்தேன்” என்றாள். இப்போது பகுதி நேரமாகக் கணக்கு வகுப்பு எடுக்கிறாள், இதுதான் தன் தொழிலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரமும் இல்லை.

மறுபடி தேர்வு எழுதுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எழுதுவதானால் எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள்: இந்தத் தேதிக்குள் மாதிரித் தேர்வில் இவ்வளவு மதிப்பெண் வராவிட்டால் விட்டுவிடுவேன் என்று. முடிவு வந்த அன்று இரவு அதைத் தீர்மானிக்க உட்கார்ந்தால் மனசு ஆயிரம் காரணம் கண்டுபிடிக்கும். அந்தத் தாளை உங்களிடம் வைத்துக்கொள்ளாமல், முகத்துக்கு நேரே பேசக்கூடிய நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வேலை தேடுவதானால் நேர்காணலில் ‘இந்த மூன்று வருடம் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்காமல் விடமாட்டார்கள். பலர் இங்கேதான் சொதப்புகிறார்கள், குடும்பச் சூழ்நிலையிலிருந்து ஆரம்பித்து மன்னிப்புக் கேட்கிற தொனிக்கு வந்துவிடுவார்கள். நாலு வாக்கியம் போதும்: இந்தத் தேர்வுக்குத் தயாரானேன், தேர்வாகவில்லை, அந்தக் காலத்தில் இதைக் கற்றுக்கொண்டேன், இந்த வேலைக்கு அது இப்படி உதவும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் வருகிற அந்த மௌனத்தை நிரப்ப வேண்டியது அவர்கள் வேலை. கண்ணாடி முன்னால் வேண்டாம், போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்று தெரியும்.

அப்பா இதைப் படிப்பார் என்று எழுதியிருந்தீர்கள். ஐயா, ‘அப்பவே சொன்னேன்’ என்பதை ஒரு மூன்று மாதத்துக்கு மட்டும் ஒத்திவையுங்கள். நீங்கள் அப்பவே சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

தம்பி, பெரிய படிப்பு, கடன் எல்லாவற்றையும் இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று நாட்களை எழுதி எனக்கு அனுப்புங்கள். நல்ல நாளாகப் பார்த்துப் பொறுக்க வேண்டாம், தூங்கிய நேரத்தையும் மறைக்க வேண்டாம்.